நாலு மூலையிலும் மஞ்சள்

என் மகள் வாசித்த பாட்டு ஒன்று இசைத்தட்டாக வெளிவந்தது. சின்னத் தட்டு. ஒரு பக்கம் ஒரு பாட்டு, மறுபக்கம் இன்னொன்று, அவ்வளவுதான். அவள் சேர்ந்திருந்த பாட்டுக் குழுவுக்கு அது முதல் தட்டு, என் மகளுக்கு அதுவே கடைசி. தட்டு கடைக்குப் போன அடுத்த கிழமை அவளை நிற்பாட்டிவிட்டார்கள். வீட்டு மஞ்சள்தான் அதற்குக் காரணம் என்று இத்தனை வருடமாக எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு. அந்த மஞ்சளை என் மனைவிதான் பூசினாள் என்றும் பேச்சு. அந்தப் பேச்சைத் தொடக்கிவைத்தவன் நான்.

அது 2009. நாங்கள் லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் இருந்தோம். அதற்கு முன் ஜேர்மனி. அங்கே நல்ல வேலை, கையில் பாஸ்போர்ட், குளிருக்கு அடக்கமான வீடு எல்லாம் இருந்தது. பிள்ளை இங்கிலீஷில் படிக்கட்டும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தோம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான், எனக்கு மட்டும் தனியாகப் புத்தி கெடவில்லை. வந்து பெற்றோல் செட்டில் கல்லாவில் நின்றேன். பிள்ளை நன்றாக இங்கிலீஷ் படித்தாள். படித்துவிட்டு, மூன்று வெள்ளைக்காரப் பெடியளோடு சேர்ந்து றொக் வாசிக்கப் போனாள். கேட்டு வாங்கின வினை, யாரை ஏசுவது?

"ஒல்டர்நேட்டிவ் றொக் அப்பா" என்றாள்.

"எதுக்கு ஒல்டர்நேட்டிவ்?"

"மற்ற றொக்குக்கு."

"அப்ப அந்த மற்றதையே வாசிக்கலாமே."

"விடுங்கோ அப்பா."

அவள் வாசித்தது பேஸ் கித்தார். முதல்நாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது கம்பிகளை எண்ணினேன். நாலு. மிச்சம் இரண்டும் எங்கே, கடைக்காரன் ஏமாற்றிப்போட்டானோ என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். பிறகு ஒருநாள் பாட்டை ஒலிப்பதிவு செய்து கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். பாடுகிறவன் கத்துவது கேட்டது, தாளம் கேட்டது, மற்றக் கித்தார் தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்டது. "உன்ர சத்தம் எங்க?" என்றேன். என் கையைப் பிடித்து ஒலிபெருக்கியின் முகத்தில் வைத்தாள். உள்ளங்கையில் ஒரு அதிர்வு ஏறியது. "இதுதான் நான்" என்றாள். எனக்கு அப்போதும் கேட்கவில்லை, ஆனால் தலையை ஆட்டினேன்.

அந்த ஒலிப்பதிவு தை மாதம். அதே மாதத்தில்தான் சண்டை நடந்த வன்னியில் இருந்த என் மனைவியின் தம்பியிடமிருந்து தொலைபேசி வருவது நின்றது.

அந்த மாதங்களைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனம் கூடி நின்றது. நானும் ஷிப்ட் முடிய நேரே அங்கே போவேன். மனைவி தம்பியின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பாள். மகளையும் வரச்சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு இங்கிலீஷ் வரும், பேப்பர்காரர் கேட்டால் பதில் சொல்வாள் என்பது என் கணக்கு. மூன்று தடவை அவளுடைய ஒத்திகை நாளிலேயே கூட்டிப்போனேன். நாலாவது தடவை அவள் வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அப்பா, இண்டைக்கும் நான் போகாட்டி வேற ஆளைப் பாக்கப்போறம் எண்டு சொல்லிப்போட்டாங்கள். தட்டு வரப்போற நேரம். எனக்கு இது மட்டும்தான் இருக்கு."

"அங்க சனம் சாகுது. உனக்குப் பாட்டுக் கேக்குது" என்றேன்.

அவள் கித்தாரைச் சுவரோடு சாய்த்துவிட்டு வந்து காரில் ஏறினாள். அன்று முழுக்க ஈரத்தில் நின்றாள், யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன நான் அங்கே போய் எவரைக் காப்பாற்றினேன்? ஒருவரையும் இல்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. மனைவியின் தம்பி எங்கே என்று அப்போதும் தெரியாது, இன்றுவரை தெரியாது. செத்தவீடும் செய்ய ஏலாது, இருக்கிறான் என்று சொல்லவும் ஏலாது. மனைவி தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அதிலேயே இருந்தாள். சமைப்பாள், திரும்ப வந்து அந்தக் கதிரையில் இருப்பாள். கையிரண்டும் மடியில் கிடக்கும். ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவள் தேவையில்லாமல் தொட்டதில்லை. நான் தேற்றவென்று வாய் திறந்தாலும் ஏச்சு மாதிரித்தான் வரும், என் குரலின் இலட்சணம் அது. அதனால் ஷிப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. ஐந்நூறு இசைத்தட்டுகள், ஐந்நூறு உறைகள். தட்டை ஒவ்வொன்றாக உறைக்குள் போட வேண்டும். பெடியளின் வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம், எங்கள் முன்னறை காய்ந்த அறை. அதோடு தவறவிட்ட ஒத்திகைகளுக்கு ஈடாக எதையாவது செய்து தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு மகளுக்கு. "நான் தனிய எல்லாத்தையும் செய்து தாறன்" என்று அவளே கேட்டு வாங்கி வந்தாள்.

உறைகள் தடித்த வெள்ளைத் தாள். பாடுகிறவன் நல்ல உயரம், நெடுவல் என்றுதான் நான் அவனைச் சொல்வேன், ஓவியம் படித்தவன். இலையில்லாத ஒரு மரத்தைக் கீறி அச்சுக் கட்டையில் வெட்டி, கறுத்த மையில் தோய்த்து, ஐந்நூறு உறையிலும் தன் கையாலேயே குத்தியிருந்தான். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் இலக்கம். இரண்டு கிழமை வேலையாம். மகள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் தொட்டாள். வியாழன் பின்னேரமும் வெள்ளி காலையும் இருந்து முடித்துவிட்டு, சப்பாத்துக் கடை வேலைக்கு ஓடினாள். "மூண்டு மணிக்கு வானோட வருவம். பின்னேரம் கடையளுக்கும் ரேடியோவுக்கும் குடுக்கவேணும். ஒருத்தரும் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எனக்கு அன்று லீவு. மேலே படுத்திருந்துவிட்டு இறங்கி வந்தால், முன்னறையில் மனைவி தலைமுழுகி, நெற்றியில் வீபூதியோடு நிற்கிறாள். கையில் வெள்ளித் தட்டு. தட்டில் குழைத்த மஞ்சள்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் படாமல் வெளியே போகாது. தீபாவளிச் சட்டையின் உள்மடிப்பு, பள்ளிக்கூடக் கொப்பியின் முதல் பக்கம், ஜேர்மனியில் நான் வாங்கிய முதல் காரின் பத்திரம்கூட. ஒரு பொலிஸ்காரன் அந்தப் பத்திரத்தை மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். கலியாணக் காட் என்றால் கேட்கவே வேண்டாம், நாலு மூலையிலும் தொட்டுத்தான் தபாலுக்குப் போகும். இவளுக்கு முன்னால் இப்போது ஐந்நூறு வெள்ளைச் சதுர உறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பிள்ளையின் பேர் போட்டு ஊரெல்லாம் போகப்போகிற உறைகள்.

"என்ன செய்யிறீர்?" என்றேன்.

"இன்னும் செய்யேல்லை. ஒரு மணி வரைக்கும் இராகுகாலம்."

தமிழ்க் கடை தந்த கலண்டரில் லண்டன் நேரத்துக்கே கணித்துப் போட்டிருக்கும். ஆனி மாதத்தில் இங்கே பகல் நீளம், அதனால் இராகுகாலமும் நீளம். வெள்ளிக்கிழமை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை இராகு அசையமாட்டார்.

"பிள்ளை தொடவேண்டாம் எண்டெல்லோ சொன்னவள்."

"பிள்ளைக்குத்தானே செய்யிறம். இந்த வருசம் எங்கட வாசலால ஒரு நல்ல காரியம் வெளிக்கிடேல்லை. இதாவது நல்லாப் போகட்டும்."

நான் மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. கிழமைக்கணக்காக மடியில் கிடந்த கைகள் அவை, இப்போது மஞ்சள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதுமட்டுமில்லை, பாட்டுக் கேக்குது என்று பிள்ளையைப் பேசின பேச்சு எனக்குள் கிடந்து குடைந்துகொண்டிருந்தது. அவளுக்கு என்னாலும் ஏதாவது ஆகட்டுமே என்று நினைத்தேன். ஒரு மணி அடித்ததும் மனைவி நிலத்தில் குந்தித் தொடங்கினாள். பத்து உறை தாண்டவில்லை, நானும் பக்கத்தில் குந்தினேன்.

"எனக்கும் கொஞ்சம் மஞ்சள் தாரும்."

அவள் ஒரு சின்னக் கிண்ணத்தில் எனக்குப் பிரித்து வைத்தாள். தன் மோதிர விரலால் பொட்டு மாதிரி மெல்லத் தொட்டு வைத்தாள் அவள். நான் சுட்டுவிரலால் அப்பினேன். "அப்பாதேங்கோ, ஒத்துங்கோ" என்றாள். "உம்மட வேலையைப் பாரும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். சரிபாதி அவள், சரிபாதி நான். மூன்றுக்குக் கால்மணி இருக்கும்போது முடிந்தது. காயவிட நேரமில்லை. பெடியள் வரப்போகிறார்கள் என்று அவசர அவசரமாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பெட்டியில் வைத்தேன். இறுக்கி வைத்தது நான்தான்.

மூன்று மணிக்கு வான் வந்தது. மகளும் நெடுவலும் உள்ளே வந்தார்கள். அவன் ஆசையோடு பெட்டியைத் திறந்து மேல் உறையை எடுத்தான். அதோடு அடுத்ததும் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தான். மூலை கிழிந்தது. இன்னொன்றை எடுத்தான், அதுவும் கிழிந்தது. ஈரம் ஊறி மரத்தின் கறுப்பு மை கரைந்து, மஞ்சளோடு சேர்ந்து ஒரு பச்சையாக ஓடியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை நான் என் முன்னறையில் கண்ணால் கண்டேன்.

பெடியன் கத்தவில்லை. "பரவாயில்லை" என்று இங்கிலீஷில் சொன்னான். திரும்பவும் சொன்னான். மூன்றாந்தரம் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கல்லாவில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், வெள்ளைக்காரர் ஒருதரம் பரவாயில்லை என்றால் பரவாயில்லை. மூன்றுதரம் சொன்னால் விஷயம் முடிந்தது.

மகள் பெட்டியைப் பார்த்தபடியே கேட்டாள். "ஆர் செய்தது?"

மனைவி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அம்மாதான். வேற ஆர்? நான் வேண்டாம் எண்டு சொன்னனான். கேட்டால்தானே. உனக்கு விசரேயடி? கண்டறியாத மஞ்சளும் நீயும். பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கிப்போட்டு நிக்கிறாய்."

விரலை நீட்டி நீட்டிப் பேசினேன். சாதாரண நேரத்தில் அவள் எனக்கு 'நீர்', கோபம் வந்தால் 'நீ'. ஆனால் அன்று வந்தது கோபம் இல்லை, பயம். பிள்ளையின் முகத்தைப் பார்த்த பயம். மனைவி ஒருதரம் என்னைப் பார்த்தாள். பிறகு கையைச் சட்டைத் தொங்கலில் துடைத்துக்கொண்டு, அந்தப் பெடியனிடம் "சொறி" என்றாள். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஆத்திரப்பட்டால் ஜேர்மன் மொழிதான் வரும். அன்று எந்த மொழியும் வரவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் தூக்கினாள், மறுபக்கத்தை அவன் தூக்கினான், வான் போனது.

புதிதாக உறை செய்ய நேரமில்லை, அப்படியே கடைக்குப் போயின. செவ்வாய்க்கிழமை மகளுக்குக் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. மஞ்சளுக்காக இல்லையாம், ஒத்திகைக்கு வராததற்காகவாம். வேறு ஆள் கிடைத்துவிட்டதாம். எதைக் காரணம் என்று எடுத்தாலும் அது என்னிடம்தான் வந்து நின்றது. வீட்டில் அதை அறிந்தவர்கள் நானும் மனைவியும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்தநாள் மனைவி கேட்காமலே நாற்பது மரக்கறி றோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கித் தந்தாள். "கொண்டுபோய்க் குடுத்துக் கதைச்சுப் பாருங்கோ" என்றாள். இரண்டு பஸ் மாறி நெடுவலின் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க இங்கிலீஷில் வசனம் கட்டிக்கொண்டு போனேன். தவறு என்னுடையது, என் பிள்ளையைத் தண்டிக்காதே, அவள் ஒத்திகைக்கு வராததும் என்னால்தான். எல்லாம் சரியாகத்தான் கட்டியிருந்தேன். கதவு திறந்ததும் என் வாயில் வந்தது "மை வைஃப்" என்றுதான். மை வைஃப், மஞ்சள், குட் லக். அவன் மரியாதையாகக் கேட்டான். றோல்ஸை வாங்கி, வாசலிலேயே ஒன்றைக் கடித்து, மிக நன்றாக இருக்கிறது என்றான். பிறகு மன்னிக்கச் சொன்னான், கதவைச் சாத்தினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான் வெறும் கையோடு இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தேன்.

மகள் கித்தாரை விற்றுவிட்டாள். ஆறு மாதத்தில் குரோய்டனுக்கு அறை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பப் படித்து, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படிப்பிக்கிறாள். தாயோடு நாள்தோறும் தொலைபேசியில் பேசுவாள், ஒரு மணித்தியாலம்கூடப் போகும். நான் எடுத்தால் "அப்பா சுகமா, அம்மாட்டைக் குடுங்கோ" அவ்வளவுதான். பெட்டைப் பிள்ளைகள் தாயோடுதானே என்று நினைத்துக்கொண்டேன். தாயை மன்னித்துவிட்டாள், நல்ல பிள்ளை என்றுகூட நினைத்தேன்.

அந்தக் குழு பிறகு பெரிதாகிவிட்டது. பெரிய கொம்பனி ஒன்று எடுத்து, அதே பாட்டைப் புதிய ஆளை வைத்துத் திரும்பப் பதிவு செய்தது. சாமான் வாங்கப் போன இடத்திலும் அது பாடும். "பிள்ளையின்ர பாட்டெல்லே" என்பாள் மனைவி, தள்ளுவண்டியைப் பிடித்தபடி. "இது வேற ஆள் வாசிச்சது" என்பேன். மகள் இருக்கிற பாட்டு அந்த ஐந்நூறு தட்டில் மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஒன்றையாவது எடுத்து வைத்துக்கொள்ள அன்று யாருக்குத் தோன்றியது?

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பழைய தட்டுக் கடையில் அதைக் கண்டேன். வெம்பிளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில், மழைக்கு ஒதுங்கிய கடை. இலையில்லாத மரம், மூலையில் மஞ்சள். உறையில் கறை இருக்கிறது, அதே பாட்டு சுத்தமான உறையிலும் இருக்கிறது என்று கடைக்காரன் புதிய பதிவையும் எடுத்துத் தந்தான். இரண்டையும் வாங்கினேன். தட்டைப் போட்டுக் கேட்கச் சின்னதாக ஒரு பாட்டுப் பெட்டியும் வாங்கினேன். வீட்டில் இரண்டையும் மாறி மாறிப் போட்டேன். ஒலிபெருக்கியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி அதிர்ந்தன. எதில் என் பிள்ளை இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உறையின் மூலையைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது தட்டை எடுத்துக் கொடுத்தேன். சந்தோசப்படுவாள் என்று எண்ணினேன். அவள் பின்னால் திருப்பி இலக்கத்தைப் பார்த்தாள், பிறகு மூலையைப் பார்த்தாள். ஒரு மூலையில் மஞ்சள் தடிப்பாக அப்பியிருந்தது, விரல் ரேகை தெரிந்தது.

"இது உங்கட விரல்" என்றாள்.

"அம்மாவின்ரயா இருக்கும்" என்றேன். பழகின வாய்.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அப்பா, அண்டைக்கு அம்மாவுக்கு விரலை நீட்டி நீட்டிப் பேசினியள். அந்த விரல் மஞ்சளா இருந்தது. நகத்துக்குள்ளயும் மஞ்சள். நான் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஏன் பிள்ளை அண்டைக்கே கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தன்."

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். மூன்று கோப்பைகளையும் மேசையில் வைத்துவிட்டு, எனக்கு எதிரே மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். தட்டை ஒருவரும் தொடவில்லை. நான் சொல்லட்டும் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுட்டுவிரலை நீட்டி அந்த மஞ்சள் ரேகையின் மேல் வைத்தேன்.